உங்கள் தவளை வேறு தவளைதான், மாப்ளை

என் நண்பராக இருந்து, பிறகு என் தங்கைக்குக் கணவராகிவிட்ட மாப்பிள்ளை சென்னியப்பனுக்கு, வழக்கமான மரியாதையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்பும்.

வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை முதலில் தெரிவித்துவிடுகிறேன். சென்ற ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நம் கல்லூரி விலங்கியல் துறையின் அவசரக் கூட்டம் கூடியது. இனி ஆய்வகக் கட்டடத்துக்குள் யாரும் கோழிக்குழம்பு கொண்டுவருவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. துறைத்தலைவர் முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன். ஓய்வுபெற்ற ஒருவருக்கு வழிமொழிய உரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்கள். முட்டை பற்றி ஒரு துணைக்கேள்வி எழுந்தது. அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

நீங்கள் இருந்திருந்தால் இந்தத் தீர்மானம் தோற்றிருக்கும். புதன்கிழமை தோறும் தூக்குப்போசியில் கோழிக்குழம்போடு வந்து, தவளை அறுக்கும் மேஜையிலேயே செய்தித்தாளை விரித்து எனக்கும் சேர்த்துப் பரிமாறியவர் நீங்கள். அந்த மேஜை இன்னும் இருக்கிறது. மஞ்சள் கறையும் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம். நாம் இருவரும் ஒரே வருஷம் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் தங்கை சரசுவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த நாள் வரை நமக்குள் வாடா போடாதான். தாலி ஏறிய மறு நிமிஷத்திலிருந்து "வாங்க மாப்ளை", "சொல்லுங்க மச்சான்". முதல் ஒரு மாதம் இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. நீங்கள் கண்ணை மூடி நாலு வருஷமாகிறது. இன்றும் உங்களை நினைத்தால் மனதுக்குள்கூட 'ங்க' போட்டுத்தான் நினைக்கிறேன்.

விஷயம் உங்கள் தவளையைப் பற்றியது. அதோடு நான் உங்களிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் பற்றியது.

நம் ஊருக்குக் காற்று வருகிற வழி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே சிறுவாணி மலை, தெற்கே வால்பாறை மலை, நடுவில் மலையே இல்லாமல் வெயில் காய்கிற ஒரு வாசல். கட்டைவிரல் நகத்தளவு இருக்கும் ஒரு புதர்த் தவளையை நீங்கள் இரண்டு பக்கத்திலும் பிடித்தீர்கள். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஏறத்தாழ அதே பழுப்பு, முதுகில் அதே கோடு. ஆனால் இரண்டும் வேறு வேறு என்றீர்கள். கூப்பிடுகிற சத்தம் வேறு என்றீர்கள். "இந்த வெயக்காட்ட நகத்தளவு சீவன் எப்படிங்க மச்சான் தாண்டும்? உக்கடம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறியா?" என்று கேட்டீர்கள்.

எனக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நிறத்தில் தெரிந்த சின்ன வித்தியாசத்துக்கு உங்கள் சாராயமே காரணம் என்று முடிவு கட்டினேன். உலகமே ஃபார்மலினில் தவளையைப் பாடம் செய்துகொண்டிருந்தபோது, அந்த வாடை பட்டால் இளைப்பு வருகிறது என்று நீங்கள் மட்டும் சுத்தமான ஸ்பிரிட்டில் போட்டுவைத்தீர்கள். புட்டியில் அடிக்கடி மட்டம் குறைந்தது. ஆவியாகிறது என்று நீங்கள் சொன்னதை முதல்வர் நம்பவில்லை. வாழ்நாளில் மோரைத் தவிர எதுவும் குடிக்காத ஒருவரை, குடிகாரர் என்று ஒரு கல்லூரியே முப்பது வருஷம் மரியாதையோடு நம்பியது.

பிறகு நீங்கள் கட்டுரை எழுதினீர்கள். சிறுவாணித் தவளை புதிய இனம் என்று வாதிட்டு, அதற்கு உங்கள் மனைவியின் பெயரையும் வைத்து ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினீர்கள். இதழாசிரியர் அதை ஒரு நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். நிபுணர் யார் என்று எழுதியவருக்குச் சொல்வதில்லை. நிபுணர் இரண்டு பக்கம் எழுதி, இது பழைய தவளைதான், பிரசுரிக்க வேண்டியதில்லை என்றார். கட்டுரையாளர் ஃபார்மலினைப் பயன்படுத்தியிருந்தால் இந்தக் குழப்பமே நேர்ந்திருக்காது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த நிபுணர் நான்தான், மாப்ளை. சொந்தத் தங்கையின் பெயரை அறிவியலின் பெயரால் நிராகரித்தேன். அன்று என் நேர்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் மெய்சிலிர்த்தது.

கட்டுரை திரும்பி வந்த புதன்கிழமை, குழம்பைத் திறந்துகொண்டே சொன்னீர்கள்: "எவனோ ஒரு மகராசன் படிச்சுப்போட்டு வேண்டாம்னுட்டானுங்க மச்சான். உடுங்க, சாப்பிடுங்க." கால் துண்டை என் பக்கம் நகர்த்தினீர்கள். நான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் அந்தத் தவளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது நம் துறையில் நிவேதா என்று ஓர் ஆய்வு மாணவி இருக்கிறாள். பல்லடத்துப் பெண், அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. வாரம் ஒருமுறை அருங்காட்சியக அறையைப் பார்த்துக்கொள்ளப் போகிற என்னிடம் ஒரு நாள் வந்து, "சார், ஸ்பிரிட்ல போட்ட பழைய புட்டி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஃபார்மலினில் ஊறியதிலிருந்து மரபணுவை உருப்படியாக எடுப்பது கஷ்டமாம். ஸ்பிரிட் என்றால் எத்தனை வருஷமானாலும் பாதுகாக்குமாம். அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும் என் புட்டிகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்த உங்கள் புட்டிகளை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு, "யாருங் சார் இந்த மகான்?" என்றாள்.

அவள் செய்வது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் காலத்தில் இது நம் கட்டடத்துக்குள் வந்திருக்கவில்லை. ஆனால் விடைத்தாள் திருத்தியவர் என்பதால் உடனே புரியும். இரண்டு பேர் சரியான விடை எழுதியிருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டு பேரும் கரப்பான்பூச்சிக்கு எட்டுக் கால் என்று எழுதியிருந்தால் அடுத்தடுத்த பெஞ்சு. மூன்றாமவன் அந்த எட்டுக் காலோடு மண்புழுவுக்குக் கண்ணும் வைத்திருந்தால், அவன் இவர்களுக்குப் பின் பெஞ்சு. மரபணு என்பது நான்கே எழுத்துகளில் எழுதிய நீளமான விடைத்தாள். உயிர்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பியடிக்கின்றன. எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. வாரிசுகள் அந்தத் தப்பைப் பயபக்தியோடு காப்பாற்றுகிறார்கள்.

நிவேதா பல தவளைகளின் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறாள். ஒரே தப்பைச் செய்தவர்களை ஒரே கிளையில் உட்காரவைக்கிறாள். கிளை கிளையாகச் சேர்த்தால் ஒரு மரம் வருகிறது. யார் யாரிடமிருந்து எப்போது பிரிந்தார்கள் என்று அந்த மரம் சொல்கிறது. பிறர் தப்பைக் கண்டுபிடித்து இவ்வளவு உபயோகமான காரியம் செய்ய முடியும் என்று தெரிந்திருந்தால் நானும் இளமையிலேயே இதில் இறங்கியிருப்பேன்.

உங்கள் சிறுவாணித் தவளையின் தொடையிலிருந்து கடுகளவு சதையெடுத்து, மரபணுவைப் பிரித்து, எழுத்துகளைப் படிக்கப் பெங்களூருக்கு அனுப்பினாள். முடிவு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். உலகத்தார் எல்லாரும் தங்கள் தங்கள் எழுத்துகளைப் போட்டுவைக்கும் ஒரு பொதுக் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு தடவை ஒப்பிட்டாள்.

"என்ன அம்மிணி, தவளை வந்துச்சா?"

"இல்லீங் சார்."

"பின்ன?"

"கோழி வந்திருக்குதுங்."

செய்தி அரைமணி நேரத்தில் துறை முழுக்கப் பரவியது. துறைத்தலைவர் வந்து திரையைப் பார்த்தார், நிவேதாவைப் பார்த்தார். "பல்லடத்துல இருந்து வந்தா கோழிதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய், முதலில் சொன்னேனே, அந்த அவசரக் கூட்டத்துக்குச் சுற்றறிக்கை விட்டார்.

கூட்டம் முடிந்ததும் நிவேதா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங் சார், எங்கப்பா கோழி வளத்துனா அது எம்மேல ஒட்டிக்கிட்டே வருங்களா? நம்ம துறைத்தலைவரு காங்கேயத்துக்காரருங்க, அவங்க ஊட்ல தேங்காயெண்ணெய் ஆலை. அவரு தலையில ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டியிருக்குதுங்களா?"

துறைத்தலைவர் தலையில் எண்ணெய் ஒட்டுவதற்கு முடி வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை.

அவள் கண் கலங்கியிருந்தது. இந்தப் புட்டி கெட்டுவிட்டது என்று முடிவானால் அவளுடைய மூன்று வருஷ உழைப்பில் பாதி போய்விடும். ஆனால் அழுதுகொண்டே கணக்காகப் பேசினாள். எதுவும் போடாத வெறுங்குழாய் ஒன்றையும் அவள் கூடவே அதே சோதனைக்கு உட்படுத்தியிருக்கிறாள். அவள் கையிலிருந்தோ மேஜையிலிருந்தோ கோழி ஒட்டியிருந்தால் அதிலும் வந்திருக்க வேண்டும். அது சுத்தம். கூடவே சோதித்த, நீங்கள் வால்பாறையில் பிடித்த தவளையின் புட்டியும் சுத்தம். கோழி இருப்பது சிறுவாணிப் புட்டியில் மட்டும். "அப்ப கோழி புட்டிக்குள்ளயே இருந்திருக்குதுங் சார். புட்டியை மூடுன அன்னைக்கே."

புட்டியின் லேபிளை எடுத்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்தில் தேதி. பழைய நாட்காட்டியைத் தேடி அந்தத் தேதிக்குக் கிழமை பார்த்தேன். புதன்கிழமை.

நேரே வடவள்ளியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். சரசு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாப்ளை தவளை பிடிக்கப் போகும்போது என்ன கட்டிக்கொடுப்பாய் என்று கேட்டேன்.

"புதங்கெழமைன்னா கோழிதானுங்கண்ணா. எதுக்கு இப்பக் கேக்கறீங்க?"

"தின்னுபோட்டு மாப்ளை கை கழுவுவாரா?"

"காட்டுக்குள்ள தண்ணிக்கு எங்க போவாரு? கைத்துண்டுல தொடச்சுக்குவாரு. அந்தத் துண்டைத் தொவைக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போயிரும்."

சொன்னேன். அவர் தின்ற கோழி இத்தனை வருஷம் தவளையோடு ஸ்பிரிட்டில் கிடந்து, இன்று கம்ப்யூட்டரில் வந்துவிட்டது என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, அது நாட்டுக்கோழியா, பிராய்லரா?"

"அவ்வளவு தூரம் தெரியாது அம்மிணி."

"நாட்டுக்கோழின்னு எழுதச் சொல்லுங்க. நம்மூட்டுக்குள்ள பிராய்லர் வந்ததே இல்ல."

அப்புறம் மரத்தைப் பற்றி விளக்கச் சொன்னாள். விளக்கினேன். "அப்ப இந்தத் தவளையும் அந்தத் தவளையும் பங்காளியா, மாமன் மச்சானா?" என்றாள். இதில் மாமன் மச்சானே கிடையாது, எல்லாரும் பங்காளிதான், எத்தனை தலைமுறைக்கு முன்னால் பாகம் பிரித்தார்கள் என்பது மட்டும்தான் கேள்வி என்றேன். கோழிகூட நமக்குத் தூரத்துப் பங்காளி என்றேன்.

"அப்ப புதங்கெழமை புதங்கெழமை நீங்க ரெண்டு பேரும் பங்காளியத்தான் தின்னீங்களாக்கும்."

மாப்ளை, நீங்கள் போன பிறகு சரசு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு அரிசியைப் புடைக்காமலே மூடிவைத்துவிட்டாள்.

நிவேதா விடவில்லை. இந்தத் தடவை தவளையின் தோலை நன்றாகக் கழுவி, வெளிச்சதையைத் தொடாமல் உள்ளிருந்து எடுத்து, தவளையின் எழுத்துகளை மட்டும் தேடிப் படிக்கிற முறையில் செய்தாள். மூன்று வாரம். சுத்தமான தவளை வந்தது. உங்கள் வால்பாறைத் தவளையிலிருந்தும் அதே முறையில் எடுத்தாள். இரண்டு மலைகளின் மற்றத் தவளைகளைக் களஞ்சியத்திலிருந்து சேர்த்தாள். மரத்தை வரைந்தாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். வால்பாறைத் தவளை தென்பக்கத்துக் கிளையில் இருந்தது. உங்கள் சிறுவாணித் தவளை அதன் பக்கத்தில் இல்லை. அடுத்த கிளையிலும் இல்லை. மரத்தின் மறுகோடியில், நீலகிரிப் பக்கத்துத் தவளைகளோடு போய், தனக்கென்று ஒரு கிளை போட்டு உட்கார்ந்திருந்தது.

"வேறன்னா வேற, சார். சும்மா வேற இல்லீங்" என்றாள் நிவேதா. "மனுசன் இந்தப் பக்கம் வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முந்தியே பிரிஞ்சிருக்குதுங். ஒரே மாதிரி பொதருல இருந்து ஒரே மாதிரி ஆயிருச்சுங்."

ஒரே சீருடை போட்டிருந்ததைப் பார்த்து ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அப்போது வெட்கம் வந்திருக்க வேண்டும், மாப்ளை. வரவில்லை. எனக்கு ஒரேயடியாகச் சந்தோஷம் வந்துவிட்டது. கைதட்டிவிட்டேன். துறைத்தலைவர் ஓடிவந்தார். மறுபடியும் கோழியா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கும் சந்தோஷம். தேங்காய் பன் வாங்கிவரச் சொன்னார். தீர்மானம் கோழிக்கு மட்டும்தான் என்றாலும், எதற்கு வம்பு என்று எல்லாரும் வெளியே போய் வெயிலில் நின்று தின்றோம். நிவேதாவுக்கு மட்டும் துறைத்தலைவர் இரண்டு கொடுத்தார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

மரத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் நான் ஒரு தவளையைப் புதிய இனமாக விவரித்தேனே, நினைவிருக்கிறதா? அன்றைய முதல்வரின் பெயரை அதற்கு வைத்தேன். அடுத்த வருஷமே எனக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. நான் பிடித்த அதே இடத்தில் பிடித்த தவளையின் எழுத்துகளை யாரோ களஞ்சியத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்கும், எனக்கு வெகுகாலம் முன்பே வேறொருவர் பெயர் வைத்த ஒரு தவளைக்கும் எழுத்து வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. நிவேதா அந்தக் கிளையின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "சார், இதை நான் அப்புறமாச் சொல்லட்டுங்களா?" என்றாள். நல்ல குடும்பத்துப் பெண்.

மறுநாள் மறுபடி வடவள்ளி. இந்தத் தடவை வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மரத்தைக் காட்டிப் பெருமையடிப்பதற்கு முன்னால், அந்த மகராசன் யார் என்று சரசுவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் இனி என் வீட்டு வாசலை மிதிக்காமல் போகலாம். எங்களுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. உங்களுக்குத் தெரியும்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "மாப்ளையோட கட்டுரையை வேண்டாம்னு எழுதுனது நாந்தான், அம்மிணி."

அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "தெரியுமேங்கண்ணா."

"எப்படி?"

"கடிதாசி வந்த அன்னைக்கே படிச்சுப்போட்டுச் சிரிச்சாரு. ஃபார்மலின் ஃபார்மலின்னு இந்த உலகத்துல எங்கிட்டச் சண்டை போடறவரு உங்கண்ணன் ஒருத்தர்தான்னாரு."

அப்படியென்றால் அந்தப் புதன்கிழமை உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கால் துண்டை நகர்த்தினீர்கள். மகராசன் என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறீர்கள். நான் எலும்பைக் கடித்துக்கொண்டு, ஆமாங்க, யாரோ என்று தலையாட்டியிருக்கிறேன். எவ்வளவு நேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தீர்கள்?

"கோவமே வரலையா அவருக்கு?" என்று கேட்டேன்.

"மச்சான் பொய் எழுத மாட்டாரு, கேக்காமத்தான் எழுதியிருக்காருன்னு சொன்னாரு."

"எதைக் கேக்காம?"

"தவளைச் சத்தத்தைத்தானுங்க. உங்களுக்குச் சன்னமான சத்தம் காதுல உழுவறதில்லையாமா. அதை உங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீங்கன்னு அவரு சொல்லவே இல்ல. நானும் எதுக்குங்க சொல்றது? எங்க கல்யாணத்துல நீங்க எம்பேச்சைக் கேட்ட மாதிரியே தெரியல, அதுவும் காதுனாலதானோ என்னமோ."

நானும் சிரித்தேன். பிறகு தவளைக்கு அவள் பெயரை வைக்கலாமா என்று கேட்டேன். அது அவள் சம்மதித்தால்தான் என்று நிவேதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க வேண்டாம்னு எழுதுனது எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. போயும் போயும் தவளைக்கா எம்பேருன்னு ஒரு வாரம் அவருகூடப் பேசல." காப்பி டம்ளரை என் முன்னால் வைத்தாள். "இப்ப வெச்சுக்கட்டும். அவரு வெச்ச பேரு அப்படியே இருக்கட்டும்."

கட்டுரை எழுதி முடித்தோம். முதல் பெயர் உங்களுடையது, அடுத்தது நிவேதா. என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றேன். நன்றியுரையில் அவள் என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாள், புட்டிகளைத் தூக்கியெறியாமல் வைத்திருந்ததற்காக. புட்டிக்குள் கோழி இருந்த விவரமும் முறைப்படி எழுதப்பட்டிருக்கிறது. நாட்டுக்கோழி என்று போட முடியவில்லை. சரசுவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாப்ளை. காதுக்கு மெஷின் வாங்கியிருக்கிறேன். ஐப்பசி மழை விழுந்ததும் நிவேதாவையும் சரசுவையும் கூட்டிக்கொண்டு சிறுவாணி அடிவாரத்துக்குப் போவேன். பொழுது சாயும் நேரத்தில் அந்தப் புதருக்குப் பக்கத்தில் உட்காருவேன். உங்கள் தவளையின் சத்தம் காதில் விழாமல் வீடு திரும்ப மாட்டேன். விழுந்தால் இப்படித்தான் இருந்தது என்று உங்களுக்கு எழுதுவேன்.

கட்டுரையைப் போன வாரம் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்த மலைகளின் தவளைப் பட்டியலில் உங்கள் தவளை சேர்கிறது, என் தவளை நீக்கப்படுகிறது. மொத்த எண்ணிக்கையில் மாற்றமில்லை.

உங்கள் சரசுவுக்கு அண்ணன், உங்களுக்கு என்றும் மச்சான்,
வேலுச்சாமி